கூண்டு ஏறாத கடல்

ஐப்பசி பிறந்துவிட்டால் "பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்ற செய்தி எப்போது வேண்டுமானாலும் வரலாம். தூரத்தில் எங்கோ காற்றழுத்தம் தாழ்ந்திருந்தால் ஒன்றும் இரண்டும். ஆபத்து துறைமுகத்தையே நெருங்கினால் எண் ஏறிக்கொண்டே போகும். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எந்த எண்ணாக இருந்தாலும் படகுக்காரருக்குக் கூண்டு சொல்வது ஒன்றுதான்: போகாதே, போனவன் திரும்பி வா.

ராமேசுவரம் தீவில் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் குமுறும், வடகடல் குளம்போலக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடை தொடங்கினால் கதை தலைகீழ். பாம்பன்காரர் படகை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டுத் தொழிலைப் பார்ப்பார். கயிறு நைந்திருந்தால் மறுநாள் கரையில் உட்கார்ந்து முடிந்துகொள்ளலாம். பலகை கசிந்தால் மணலில் இழுத்துப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் படகுகளுக்குக் கரைதான் பட்டறை. ஒரு பழுதுக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் மூன்று நாள்.

பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடக்கப் புறப்படுகிறவருக்கு இல்லாமல் போவது இந்தப் பட்டறைதான். புயல், சுறா, திமிங்கிலம் என்று கேட்கிறவர்கள் பயப்படுவார்கள். படகைத் தயார் செய்கிறவருக்கு உண்மையான கவலை வேறு: முதல் நாள் தொடங்கிய சின்னப் பழுது பதினான்காம் நாள் வரை வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு பயணத்தை வைத்தே பார்ப்போம். மன்னார் வளைகுடாவிலிருந்து சீஷெல்ஸ் தீவுகள். நேர்க்கோடு போட்டால் மாலத்தீவுகள் குறுக்கே வந்து நிற்கும், அதனால் லட்சத்தீவின் மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் நடுவே எட்டு டிகிரிக் கால்வாய் வழியாக நுழைந்து தென்மேற்கே திரும்ப வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 1,650 கடல்மைல். நாற்பதடிப் படகு மணிக்கு ஐந்து கடல்மைல் ஓடினால் நாளுக்கு 120, அதாவது பதினான்கு நாள். காகிதத்தில் அப்படி. பூமத்திய ரேகையை ஒட்டிக் காற்றே இல்லாத பட்டை ஒன்று உண்டு. அதில் மாட்டினால் ஒரு வாரம் கூடும். ஆகவே முப்பது நாளுக்குத் தயார் செய்வதுதான் புத்தி.

எப்போது புறப்படுவது? வங்கக் கடலில் புயல் அதிகம் உருவாவது மே மாதமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும். தனுஷ்கோடியை 1964-இல் அழித்தது டிசம்பர் 22 இரவு வந்த புயல் என்பதால், மார்கழி பிறந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று இந்தக் கரையில் யாரும் சொல்வதில்லை. தை, மாசியில் வாடை நிலையாக வீசும். அது தென்மேற்கே போகிற படகுக்கு முதுகில் கைவைத்துத் தள்ளுவது மாதிரி. பங்குனியில் காற்று சோர்ந்துவிடும், அப்புறம் கச்சான் எதிர்த்து வரும். ஆக, வருடத்தில் நல்ல கதவு இரண்டு மாதம்தான் திறந்திருக்கிறது. அதற்குள் வேலை முடியவில்லை என்றால் அடுத்த தை வரை காத்திருக்க வேண்டும். பாதி வேலையோடு கிளம்பலாமா என்ற ஆசை இங்கேதான் தலைகாட்டும்.

புறப்படும் இடமும் யோசிக்க வேண்டியது. பாக் நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். வள்ளம், வத்தை போன்ற நம் நாட்டுப் படகுகள் ஓட ஏற்ற கடல். பெருங்கடல் படகின் அடியில் ஈயமோ இரும்போ வைத்த ஏரா என்கிற அடிக்கட்டை இரண்டு மீட்டர் வரை கீழே தொங்கும். அப்படிப்பட்ட படகு வடகடலில் நின்றால் தெற்கே வர பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் நடுவில் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு லிஃப்ட் போல 17 மீட்டர் மேலே ஏறுகிறது. ஆனால் பக்கத்திலேயே 1988-இல் வந்த சாலைப் பாலம் யாருக்காகவும் எழுந்து நிற்காது. நாற்பதடிப் படகின் பாய்மரம் தண்ணீரிலிருந்து பதினேழு மீட்டர் அளவுக்கு உயரும், உச்சியில் ஆன்டெனா வேறு. அளக்காமல் நுழைந்தால் பாலத்துக்கு ஒரு பாய்மரம் காணிக்கை. தென்கடலிலும் நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் தேசியப் பூங்கா. கிழக்கே 1974, 1976 உடன்படிக்கைகள் கிழித்த கடல் எல்லை. தூத்துக்குடிக்குப் போய் சுங்கம், குடியேற்றம் எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்புவதுதான் சிக்கலில்லாத வழி.

சரி, படகுக்கு வருவோம்.

பெருங்கடல் அலை ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எட்டு விநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் படகு பத்தாயிரம் தடவைக்கு மேல் ஆடும். பதினான்கு நாளில் ஒன்றரை லட்சம் தடவை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கயிறு கப்பியின் விளிம்பில் அரை அங்குலம் நகர்கிறது, பாயின் ஓரம் ஒரு கம்பியில் உரசுகிறது, அலமாரிக்குள் ஒரு போத்தல் பலகையை இடிக்கிறது. உரசல், உரசல், உரசல். நடுக்கடலில் படகைத் தின்பது இதுதான். புதுக் கயிறுகூடச் சரியான இடத்தில் உரசினால் ஒரே இரவில் அறும். அதனால் தயாரிப்பின் முதல் வேலை, துறையில் நிற்கும்போதே ஒவ்வொரு கயிற்றையும் அது கட்டிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை விரலால் தடவிக்கொண்டே போவது. எங்கெல்லாம் திரும்புகிறதோ, எங்கெல்லாம் இன்னொன்றைத் தொடுகிறதோ, அங்கெல்லாம் தோல் துண்டோ பழைய ஹோஸ் குழாயோ சுற்ற வேண்டும். கடலில் போனபின் தினமும் ஒரு சாண் கயிற்றை இழுத்து விட்டு, உரசும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சலிப்பான வேலை. செய்யாதவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து செய்வார்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வீட்டில் எவர்சில்வர் டம்ளர் முப்பது வருடம் பளபளக்கிறதே, இதற்கென்ன என்று தோன்றும். அந்தப் பளபளப்பைக் காப்பது மேலே படியும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய தோல். அந்தத் தோல் கீறினால் மறுபடி வளரக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். கம்பியின் முனையைப் பிடித்து நெரித்திருக்கும் குழலுக்குள்ளும், தளத்தைத் துளைத்து இறங்கும் பட்டைகள் பலகைக்குள் மறையும் இடத்திலும் காற்றுப் போவதில்லை, உப்புத் தண்ணீர் மட்டும் போகிறது. வெளியே மின்னும், உள்ளே அரித்திருக்கும். பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால்தான் பத்து வருடம் ஓடிய கம்பியை ஒன்றும் யோசிக்காமல் மாற்றிவிடு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பத்தொன்பது இழைகளில் ஒன்று அறுந்திருந்தாலும் மீதிப் பதினெட்டை நம்பிப் போகக் கூடாது. ஆணிகளைப் பூட்டி வைக்கும் ஸ்பிளிட் பின் பத்து ரூபாய்ப் பொருள். அது நழுவினால் ஆணி கழலும், ஆணி கழன்றால் கம்பி போகும், கம்பி போனால் பாய்மரம். ஏணி கட்டி உச்சி வரை ஏறி, கையில் ஒரு பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு பின்னையும் பார்ப்பதற்கு ஒரு முழுநாள் ஒதுக்கினால் வீண் இல்லை.

தொண்டி, நம்புதாளைப் பக்கம் திருவிழாக்களில் பாய்மரப் படகுப் போட்டி வைப்பார்கள். காற்று ஏற ஏற ஆள்கள் குறுக்கே நீட்டிய பலகையில் வெளியே போய் உட்கார்ந்து படகைச் சாயாமல் பிடிப்பார்கள். பாயைக் குறைப்பது அங்கே தோற்பதற்குச் சமம். பெருங்கடலில் பழக வேண்டியது நேர் எதிரான குணம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. மணிக்குப் பத்து கடல்மைல் வேகக் காற்றில் அழகாக ஓடிய பாயை முப்பது கடல்மைல் காற்றில் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆகவே பெரிய பாயில் மூன்று மடிப்பு வரை குறைக்க வசதி, அதற்கும் மேலே போனால் கட்ட கனத்த துணியில் சின்னப் புயல்பாய். இருட்டில், மழையில், தனி ஆளாக அந்த மடிப்பைப் போட முடிகிறதா என்று துறையிலேயே பத்துத் தடவை செய்து பார்க்க வேண்டும். பாலியெஸ்டர்த் துணி சுலபத்தில் கிழியாது, தையல் நூல்தான் முதலில் போகும். அது துணிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதால் வெயிலும் உரசலும் அதன்மேல்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் நூல் உதிர்கிறதா? மொத்தப் பாயையும் மறுபடி தைக்கக் கொடுத்துவிடலாம்.

படகின் அடிப்பக்கம்தான் நம் கரைக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மரப்படகு கட்டும் ஓடாவிகள் பலகைகளின் இடுக்கில் பஞ்சையோ கயிற்று நாரையோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி அடைப்பார்கள். இதற்குக் கலப்பற்று என்று பெயர். இன்றைய படகு பெரும்பாலும் ஃபைபர், கலப்பற்று தேவையில்லை. ஆனால் அந்த அறிவு ஒரு உலகச் சாதனையையே காப்பாற்றியிருக்கிறது. 1968 ஜூனில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 312 நாள். அவருடைய 32 அடி சுஹைலி, பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கில் இழைத்த படகு. போகிற வழியில் அட்லாண்டிக்கில் ஏராவை ஒட்டிய இடுக்கு கசியத் தொடங்கியது. அவர் கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் இடுக்கை அடைத்து, மேலே துணிப்பட்டையைச் செப்பு ஆணியால் அறைந்தார். துணியும் ஆணியும் கையில் இருந்ததால்தான் அது நடந்தது.

இதைச் சொல்லும்போது நீரிணைக்கு அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அன்னபூரணி. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கி, மனைவி பெயரில் ஃபிளாரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாக, அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிப்போய் 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். தமிழ் ஓடாவிகள் கட்டிய படகு பெருங்கடலுக்குத் தகுமா என்று யாராவது கேட்டால் பதில் எண்பது வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது.

ஃபைபர் படகிலும் அடியில் ஓட்டைகள் உண்டு, அவை நாமே போட்டவை. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர், கழிவறை, பாத்திரம் கழுவும் தொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், ஒரு வால்வு. நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஒன்றரை அங்குலக் குழாய் கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டர் அளவில் உள்ளே வரும். ஆறேழு குடம். அதனால் கரையேற்றி, அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டி, வண்ணம் பூசும்போதே எல்லா வால்வையும் கழற்றிப் பார்த்து, பழசை மாற்றிவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் அளவுக்குச் செதுக்கிய மரமுளை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது. பெட்டியில் வைத்தால் வேண்டும்போது கிடைக்காது.

சுக்கான் போனால் படகு வெறும் மரக்கட்டை. இரண்டு வாரம் ராப்பகலாகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருக்க மனிதனால் ஆகாது. மின்சாரத் தானியங்கி உண்டு, ஆனால் பேட்டரியைக் குடிக்கும். பின்பக்கம் பொருத்தும் காற்றுச் சுக்கான் மின்சாரமே கேட்காது. மேலே ஒரு தகடு காற்றின் திசையை உணர்கிறது. படகு விலகினால் தகடு சாய்ந்து, தண்ணீரில் தொங்கும் துடுப்பைத் திருப்புகிறது. ஓடும் தண்ணீர் அந்தத் துடுப்பைத் தள்ள, அது கயிற்றை இழுக்க, கயிறு சுக்கானைத் திருப்புகிறது. எளிய கருவிதான், அதுவும் உடையும். நம் நாட்டு மாலுமி அபிலாஷ் டோமி, தனியாக உலகைச் சுற்றும் 2022-23 கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியில் அதற்கு உதிரித் துண்டு செய்யத் தன் படகின் கழிவறைக் கதவையே அறுத்தார், இரண்டாம் இடத்தில் வந்து சேர்ந்தார். இதே போட்டியில் 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு, மூன்று நாள் படுத்துக் கிடந்தபின் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்ட மனிதர் அவர். உதிரிப் பொருள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. எதை எதுவாக மாற்றலாம் என்று தெரிந்துவைத்திருப்பதும், ஒரு ரம்பமும் துளைக்கருவியும் ஒட்டுப்பசையும் கைவசம் இருப்பதும் பாதி உதிரிப் பொருளுக்குச் சமம்.

தண்ணீர்க் கணக்கு சுலபம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாலு லிட்டர், மூன்று பேர், முப்பது நாள்: 360 லிட்டர். தெருவில் வருகிற இருபது லிட்டர் கேனில் பதினெட்டு. ஒரே தொட்டியில் ஊற்றக் கூடாது, ஒன்றில் உப்பு கலந்தால் மொத்தமும் போகும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் செய்கிற ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் வேலையைச் சின்னதாகப் படகிலேயே செய்யும் இயந்திரமும் கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் அதை நம்பிக் கேனைக் குறைப்பவரோடு நான் போகமாட்டேன். சாப்பாட்டில் நாம் கொடுத்துவைத்தவர்கள். அவல், சத்துமாவு, புளி, ஊறுகாய், கருவாடு, மாதக்கணக்கில் கெடாத, சூரை மீனை அவித்துக் காயவைத்த மாசி. முட்டை நம் ஊரில் ஃபிரிட்ஜுக்குள் போகாமலே கடைக்கு வருகிறது, அது வெளியே நாள் தாங்கும். அட்டைப்பெட்டியை மட்டும் துறையிலேயே விட்டுவிட வேண்டும், அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் திடீரென்று வலுத்தபோது, குமரிக் கரையிலிருந்து நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்தவர்கள் பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. படகில் இருந்தது விஎச்எஃப் ரேடியோ. அது பார்வைக்கோட்டில் மட்டும் பேசும், இருபது இருபத்தைந்து கடல்மைல் தாண்டினால் ஊமை. பெருங்கடலில் வானிலைக் கோப்பை இறக்கவும் கரையோடு பேசவும் செயற்கைக்கோள் கருவி வேண்டும். இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். எல்லையை ஒட்டிய ராமநாதபுரம் கரையில் அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். காகிதம் முதலில், கருவி அப்புறம். இதோடு ஆபத்தில் அழுத்தும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாய ஒலிபரப்பி ஒன்று, பதிவு செய்து, பேட்டரித் தேதி பார்த்து வைக்க வேண்டும். அதை அழுத்தினால் செய்தி சில நிமிடத்தில் போய்விடும். ஆள் வர மூன்று நாள் ஆகலாம் என்பது டோமியின் கதையிலேயே இருக்கிறது. அந்த மூன்று நாளைத் தாங்குவதற்கான தண்ணீர், மருந்து, உயிர்காப்பு மிதவை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா?

தூக்கத்தையும் முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும், மூன்று பேர் என்றால் நாலு மணி நேரம் விழிப்பு, எட்டு மணி ஓய்வு. இலங்கைக்குத் தெற்கே ஓடும் கிழக்கு மேற்குக் கப்பல் பாதை உலகத்திலேயே நெரிசலானவற்றில் ஒன்று, நம் படகு அதைக் குறுக்காக வெட்டித்தான் போக வேண்டும். அடிவானத்தில் புள்ளியாகத் தெரியும் சரக்குக் கப்பல் இருபது நிமிடத்தில் தலைக்கு மேல் நிற்கும்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது மூன்று இரவு தொடர்ந்து மன்னார் வளைகுடாவில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் வாடை வலுத்திருக்கும்போது. கரையோரம் அமைதியாக இருந்தாலும் வளைகுடா நடுவில், இரண்டு நிலங்களுக்கு நடுவே நெருக்குண்டு வரும் காற்று பலமாகவே இருக்கும். பகலில் நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் படகு நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். மூன்றாம் இரவில்தான் எந்த ஜன்னல் படுக்கைக்கு நேராகச் சொட்டுகிறது, எந்த டப்பா தூங்கவிடாமல் உருள்கிறது, யாருக்கு வாந்தி நிற்கவில்லை என்பதெல்லாம் தெரியும். திரும்பி வந்து எழுதும் பட்டியல் நீளமாக இருந்தால் அந்தப் பயணம் உருப்படி. அதைச் சரிசெய்ய ஒரு வாரம், பெரிய வேலையானால் இன்னும் கொஞ்சம்.

கடைசி வேலை ஒன்று உண்டு. எங்கள் ஆட்களுக்கு அது விசித்திரமாகப் படும். தூத்துக்குடி வெளிச்சம் மறைந்ததும், படகின் முன்முனையான அணியத்தில் தொங்கும் நங்கூரத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் ஏராவுக்கு மேலே தாழ்வாக வைத்துக் கட்டிவிட வேண்டும். முன்பக்கம் கனம் குறைந்தால் படகு அலையில் குத்தாது, தளர்ந்த நங்கூரம் ஆடி ஆடிப் படகையே இடிக்கவும் செய்யாது. சங்கிலி இறங்கும் துளையை எண்ணெய்த் துணி திணித்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு அலையும் அதன் வழியே ஒரு குவளை தண்ணீரை உள்ளே ஊற்றும். பாக் நீரிணையில் வளர்ந்தவனுக்கு நங்கூரமில்லாத படகு வேட்டியில்லாமல் தெருவில் நிற்பது மாதிரி. ஆனால் எட்டு டிகிரிக் கால்வாய் தாண்டி, மாலத்தீவும் பின்னால் போனால் அடியில் நாலாயிரம் மீட்டர் தண்ணீர். அங்கே போடுவதற்கு நம்மிடம் இருக்கும் கயிறு அறுபது மீட்டர்.